தண்ணீர் குடிக்காத கேப்டன்

மேலப்பாளையத்தில் ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேருக்கு மைதீன் பாத்திமாதான் வாத்தியார். காலையில் பள்ளிக்கூட வேன்களின் சத்தம் அடங்கியதும் ஊருக்கு வெளியே உள்ள பொட்டல் மைதானத்துக்கு வந்துவிடுவாள். உச்சி வெயில் வரை அங்கேதான். பின் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவாள், திட்டுவாள், சிரிப்பாள். விழுந்தவளைத் தூக்கிவிட்டு, "கண்ணாடி ஒடஞ்சிச்சா? இல்லல்லா? அப்பொ ஏறு" என்பாள். அவளிடம் படித்தவர்கள் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவிலும் பயப்படாமல் ஓட்டுவார்கள் என்று ஊரில் பேர்.

அவளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. வீட்டை விட்டு இறங்கினால் திரும்பி வரும் வரை தண்ணீர் குடிக்க மாட்டாள். மைதானத்தைச் சுற்றிக் கருவேல முள்ளும், ஆண்கள் நிற்கும் ஒரு டீக்கடையும்தான் இருந்தன. குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடமில்லை. முதலில் வேறு வழியில்லாமல் பழகியது, வருஷங்கள் போகப் போக ஒரு திறமை மாதிரி ஆகிவிட்டது. "நோன்பு வச்சுப் பழகுன ஒடம்பு. ஒட்டகம் மாதிரி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் அவள் கணவன் காஜா முகைதீன் ஒரு விடுமுறையில் வந்தபோது அவளுக்கு கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தான். ஒரு மாதம் தனியாக ஓட்டினாள். பிறகு அவளிடம் ஸ்கூட்டர் படித்த மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த தெரு இஷ்ரத், கல்லூரி முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருப்பவள். பாத்திமாவை அக்கா முறை வைத்து 'லாத்தா' என்று கூப்பிடுவாள். ப்ரீதா, பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிப்பவள். மூன்றாவது மஹாலக்ஷ்மி, இன்சூரன்ஸ் ஏஜென்ட், பாத்திமாவின் வயதுதான். கொஞ்சம் கனத்த உடம்பு. நால்வரில் மெதுவாக ஓட்டுபவள் அவள், அதிகம் பேசுபவளும் அவள். அம்பாசமுத்திரம் வரைக்கும் எந்த ஊரில் நிறுத்தினாலும் அவளுக்குத் தெரிந்த வீடு ஒன்று இருக்கும். பாத்திமாவுக்குக் 'கேப்டன்' என்று பேர் வைத்தவளும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு சைக்கிள்களும் வரிசையாகப் போவதைப் பார்த்து ஆரம்பத்தில் சிரித்தவர்கள், போகப் போக வழிவிட்டு ஒதுங்கத் தொடங்கினார்கள். மே மாதம், கத்திரி வெயில் தொடங்கிய வாரம், பாபநாசம் வரை போய் வருவது என்று பாத்திமா முடிவு செய்தாள்.

"இந்த வெயில்லயா?" என்றாள் மஹாலக்ஷ்மி.

"விடியமுந்தி சுபுஹு தொழுதுட்டுக் கெளம்புவோம். வெயில் ஏறதுக்குள்ள ஆத்துல குளிச்சிட்டு, உச்சிக்கு முன்னாடி வீடு. வழியில யாரும் தண்ணி கிண்ணின்னு நிக்கக் கூடாது, பாத்துக்கிடுங்க. வாய் வறண்டா கொப்புளிச்சுத் துப்புங்க. குடிச்சா எறங்கணும். எறங்குனா எங்க போவீங்க?"

அந்த ரோட்டில் பஸ்ஸில் போனவர்களுக்கும் அந்தக் கஷ்டம் தெரியும்.

காலைப் பயணம் சுகமாக இருந்தது. முன்னீர்பள்ளம் தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. பத்தமடையில் கடைகள் திறக்கவில்லை. வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வரும் காற்று முகத்தில் குளிர்ந்து அடித்தது. பாத்திமா முன்னால் போனாள். முதுகு வளையாமல், ஒரே சீராக மிதித்தாள். காருகுறிச்சிக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தபோது மஹாலக்ஷ்மியைக் காணவில்லை. அவள் சைக்கிள் மட்டும் ஒரு பச்சைக் கேட்டில் சாய்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். கூடவே வாசல் வரை ஒரு அம்மாள் வந்து கையசைத்தார்.

"யார் வீடு இது?" என்றாள் பாத்திமா.

"ஜயலக்ஷ்மியக்கா வீடு. அவங்க வீட்டுக்காரருக்கு நாந்தான் பாலிசி போட்டேன். பாத்ரூம் போணும்க்கான்னேன், அதுக்கென்ன வான்னாங்க. அப்பிடியே ரெண்டு செம்பு தண்ணியும் குடிச்சாச்சு."

"இப்பிடி ஊருக்கு ஒரு வீட்டுல நின்னா நாம பாபநாசம் போன மாதிரிதான்."

"கேக்கதுக்கு என்ன கேப்டன் வெக்கம்?"

"எனக்கு வராது. ஒரு வீட்டு வாசல்ல நின்னு அதைப் போய்க் கேக்கதுக்கு நான் தாகத்தோடயே கெடந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தாள் பாத்திமா.

பாபநாசத்தில் ஆறு தெளிந்து ஓடியது. முழங்கால் அளவுத் தண்ணீரில் உட்கார்ந்து நால்வரும் சின்னப் பிள்ளைகளைப் போல் கூத்தடித்தார்கள். பிறகு சாப்பிட்டார்கள். ஹோட்டலிலும் பாத்திமா அரை டம்ளர் தண்ணீருக்கு மேல் தொடவில்லை. திரும்பும் வழியை நினைத்துத்தான்.

கிளம்பி விக்கிரமசிங்கபுரம் வந்தபோது ப்ரீதாவின் பின் சக்கரம் பஞ்சர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடை பூட்டியிருந்தது. மெக்கானிக் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, மொய் எழுதி, வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தபோது நிழல்கள் காலடிக்குள் சுருங்கிவிட்டன.

"இங்கனயே எங்கயாவது படுத்துட்டு, வெயில் தாழக் கெளம்புவோம்" என்றாள் மஹாலக்ஷ்மி. "இல்லேன்னா சைக்கிள லோடு ஆட்டோவுல ஏத்திட்டு பஸ்ல போவோம்."

"சைக்கிள ஆட்டோவுல ஏத்திட்டு மேலப்பாளையத்துல போய் எறங்கணுமாக்கும்? ஊர்ல என்னன்னு கேப்பாவ? போயிருவோம். ஒரு மூச்சு."

பாத்திமா அப்படிச் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் முடியும் என்றுதான் தோன்றும். அவளுடைய பலமே அதுதான். ஏறி உட்கார்ந்தார்கள்.

அம்பாசமுத்திரம் தாண்டியதும் ரோடு கொதித்தது. தார் இளகி டயரில் ஒட்டுவது கேட்டது. அறுப்பு முடிந்த வயல்கள் வெளுத்துக் கிடந்தன. அணை மதகை அடைத்துவைக்கும் அடைப்புக் காலம், கால்வாயில் தண்ணீர் இல்லை. கல்லிடைக்குறிச்சிக்கு வெளியே ஒரு புளிய மரத்தடியில் ஒருவர் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். ப்ரீதா பிரேக்கைப் பிடித்தாள்.

"நிக்காத. நின்னா கால் புடிச்சுக்கிடும்" என்று முன்னாலிருந்து பாத்திமாவின் குரல் வந்தது.

"நீங்க போங்க கேப்டன், நாங்க பின்னால வாரோம்" என்று சொல்லி மஹாலக்ஷ்மி இறங்கியேவிட்டாள். ப்ரீதாவும் இறங்கினாள். ஓலைப் பட்டையை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார்கள். இஷ்ரத் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, லாத்தாவைத் தனியாக விட மனமில்லாமல் பின்னாலேயே போனாள்.

பாத்திமாவுக்கு அம்பாசமுத்திரத்திலிருந்தே தலை வலித்துக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. வீரவநல்லூருக்குள் வரும்போது ஒன்றைக் கவனித்தாள். அதுவரை கண்ணில் வழிந்து எரிந்துகொண்டிருந்த வியர்வை நின்றுவிட்டது. முகத்தைத் தொட்டால் உப்புப் பொரிந்து சொரசொரவென்று இருந்தது. உடம்பு வெயிலுக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் கையில் மயிர்க்கூச்செறிந்தது. அந்த வெயிலில் அவளுக்குக் குளிரெடுத்தது. கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகின.

"லாத்தா, கொஞ்சம் நிப்போமா? எனக்கும் தலை சுத்துது" என்றாள் இஷ்ரத்.

பாத்திமா திரும்பிப் பார்த்தாள். "பிரேக்கைப் போட்டுப் புடிக்காத. ஆக்ஸிலேட்டரைப் பைய குடு. லாரிக்காரனைப் பாக்காத, ரோட்டைப் பாரு" என்றாள்.

இஷ்ரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "லாத்தா, இது சைக்கிள் லாத்தா."

"குடுன்னு சொல்லுதேன்லா, பைய குடு."

அடுத்த நிமிஷம் பாத்திமாவின் சைக்கிள் தானாக இடது பக்கம் இறங்கியது. காருகுறிச்சிக்குள் நுழைகிற இடத்தில், ரோட்டோர மணலில் அவள் சாய்ந்து விழுந்தாள். விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

இஷ்ரத்தின் அலறலுக்கு டீக்கடையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் பாத்திமாவின் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் சோடாவை உடைத்து வாயில் ஊற்றக் குனிந்தார். அதற்குள் மஹாலக்ஷ்மியும் ப்ரீதாவும் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவ்வளவு வேகமாக மஹாலக்ஷ்மி அதற்கு முன்பு சைக்கிள் மிதித்ததே இல்லை.

"அண்ணாச்சி, ஊத்தாதீங்க, பொரை ஏறிரும். இது வலிப்பு இல்ல, வெயிலு. வழிய விடுங்க" என்று சத்தம் போட்டாள். பாத்திமாவின் கன்னத்தில் கை வைத்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது. "ப்ரீதா, நூத்தியெட்டுக்கு போன் போடு. இஷ்ரத், காலப் புடி. நாலு வீடு தள்ளி ஜயலக்ஷ்மியக்கா வீடு."

பச்சைக் கேட் திறந்தது. ஜயலக்ஷ்மி எதுவும் கேட்கவில்லை. நடுக்கூடத்தில் பாயை விரித்து, ஃபேனைப் போட்டு, உதவிக்குக் கூடவே வந்த ஆண்களை "நீங்க வெளிய நில்லுங்கய்யா" என்று அனுப்பிக் கதவைச் சாத்தினார். இஷ்ரத் லாத்தாவின் தலைத்துணியையும் மேலங்கியையும் தளர்த்தினாள். தொட்டித் தண்ணீரில் துண்டுகளை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தார்கள். துண்டு சூடானதும் மறுபடி நனைத்தார்கள். ஜயலக்ஷ்மி ஒரு விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் தன் பக்கத்து வீட்டு வாலிபன் ஒருவனுக்குக் கிரிக்கெட் மைதானத்தில் இதே மாதிரி ஆனபோது, ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள் என்று மஹாலக்ஷ்மி கூட நின்று பார்த்திருந்தாள். அது இப்போது கை கொடுத்தது.

கொஞ்ச நேரத்தில் பாத்திமாவின் இமைகள் அசைந்தன. "சைக்கிள் எங்க?" என்றாள்.

"இருக்கு. நீங்க யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள் மஹாலக்ஷ்மி.

"என்ன மஹாலக்ஷ்மி, கிறுக்குப் புடிச்சிருக்கா? நான் பாத்திமா."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அழுதார்கள். பிறகுதான் ஜயலக்ஷ்மி உப்புப் போட்ட நீத்தண்ணியை டம்ளரில் கொண்டுவந்து, ஒவ்வொரு வாயாகக் குடிக்கக் கொடுத்தார். முந்தின ராத்திரி சோற்றில் ஊற்றி வைத்திருந்த தண்ணீர். பாத்திமா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். ஆம்புலன்ஸ் வந்தது.

சேரன்மகாதேவி ஆஸ்பத்திரியில் அன்று பணியில் இருந்தவர் ஃபர்ஹத் என்ற இளம் பெண் டாக்டர். ஒரு பாட்டில் டிரிப்ஸ் இறங்கி முடிந்ததும் அடுத்ததை மாட்டிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கடைசியா எப்பம் ஒண்ணுக்குப் போனீங்க?"

பாத்திமா யோசித்தாள். "காலையில, கெளம்பும்போது."

"அப்போ என்ன நெறம்?"

"பால் ஊத்தாத கட்டன் சாயா மாதிரி. எப்பவும் அப்பிடித்தான் இருக்கும்."

"எப்பவுமா?" டாக்டரின் புருவம் ஏறியது. "வருஷக்கணக்கா ஒங்க கிட்னியப் பட்டினி போட்டிருக்கீங்க. இன்னிக்கு அது கோவிச்சுக்கிட்டு ஒங்களைக் கீழ தள்ளிருக்கு."

"நோன்பு வச்சுப் பழகுன ஒடம்புதானே டாக்டர்னு…"

"நானும் நோன்பு வைக்கிறவதான். நோன்போட கத்திரி வெயில்ல பாபநாசத்துக்கு சைக்கிள் மிதிச்சிருக்கீங்களா? விடியமுந்தி சஹருக்கு எந்திரிச்சுக் குடிக்கீங்க, வெயிலுக்கு ஒதுங்குதீங்க. பயணத்துல இருந்தா நோன்பையே பெறகு வைக்கலாம்னு சலுகை இருக்கு. அந்தச் சலுகையக்கூட நீங்க ஒங்களுக்குக் குடுத்துக்கிடலயே." அவர் குரல் இறங்கியது. "வேர்வை நின்னுட்டுன்னு சொன்னீங்கள்லா, அது ஒடம்பு பழகுனதில்ல. சூட்டை வெளிய தள்ளுறதுக்கு ஒடம்புல தண்ணி இல்லாமப் போச்சு. தாகம் எடுத்த பெறகு குடிக்கலாம்னு இருந்தா வெயில்ல அது லேட்டு. அதுக்கு முந்தியே கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிக்கிட்டே இருக்கணும். கூட உப்பும் வேணும்."

பாத்திமா கூரையைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துக் கேட்டாள்: "குடிக்கலாம் டாக்டர். எங்க போறது?"

"எனக்கும் தெரியும்" என்றார் ஃபர்ஹத். "நானும் பஸ்லதான் வாரேன். அதுக்கு எங்கிட்ட மருந்தில்லக்கா."

அன்று சாயங்காலம் காஜா முகைதீன் வீடியோ காலில் வந்தான். முதலில் பயந்தான், பிறகு கோபப்பட்டான். "இங்க எங்க சைட்ல கோடைக்காலத்துல உச்சி நேரம் வெளிய யாரும் வேலை பாக்கக் கூடாது. சட்டம். தண்ணிக் கேன் பக்கத்துல இல்லேன்னா சூப்பர்வைசரைக் கூப்பிட்டு ஏசுவான். அங்க ஒனக்கு யாரு புள்ள சட்டம் போடுவா?"

"இனிமே நான் போடுதேன்" என்றாள் பாத்திமா.

காஜா சிரித்துவிட்டான். கையில் ஊசி குத்திப் படுத்திருக்கிறவளின் குரல் மாதிரி அது இல்லை.

வெட்கம் அவளுக்கு இருக்கத்தான் செய்தது. தன்னை நம்பி வந்தவள் இஷ்ரத். அவளும் அன்று விழுந்திருக்கலாம் என்ற நினைப்பு இரண்டு நாள் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் இஷ்ரத் வீட்டுக்குப் போய் அவள் உம்மாவிடம் நேராகச் சொன்னாள்: "தப்பு என்னுதுதான். நாந்தான் குடிக்காதன்னேன். இனி அப்பிடி நடக்காது." அந்த அம்மாள் கொஞ்சம் முறைத்துப் பார்த்துவிட்டு, குடிக்க மோர் கொண்டுவந்து வைத்தார். பாத்திமா முழுக் குவளையையும் குடித்தாள்.

உடம்பு தேறியதும் மஹாலக்ஷ்மியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் பாபநாசம் ரோட்டில் கிளம்பினாள். வழியில் பெண்கள் நின்று போக இடம் பிடிப்பதுதான் வேலை. மேலச்செவலில் மஹாலக்ஷ்மிக்கு அறிமுகமில்லாத ஒரு வீட்டின் முன் வண்டியை நிறுத்தினாள்.

"இதை நாந்தான் கேப்பேன். நீங்க பேசக் கூடாது" என்றாள்.

கதவைத் திறந்த பெண்ணைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. நூறு பேருக்கு நடுவில் நின்று சத்தம் போடுகிறவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "இங்கன… மோர் எங்கயாவது கெடைக்குமா?" என்று கேட்டு வைத்தாள்.

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "பாத்ரூம் போணுமா? பின்னால இருக்கு, வாங்க" என்றாள்.

பாத்திமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. அவளும் கல்யாணத்துக்கு முன் பஸ்ஸில் வேலைக்குப் போனவள்தானாம். அதற்குப் பிறகு எந்த வாசலிலும் பாத்திமாவின் நாக்கு ஒட்டவில்லை. பத்தமடையில் பாய் விற்கும் ஒரு வீடு ஒத்துக்கொண்டது. காருகுறிச்சியில் ஜயலக்ஷ்மி, "இதையும் ஒரு கேள்வின்னு கேக்க வந்தியா?" என்று கோபித்துக்கொண்டார்.

வீரவநல்லூருக்கு அப்பால் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. பெண்கள் கழிவறை என்று பெரிய எழுத்தில் பலகை, கீழே துருப்பிடித்த பூட்டு. உள்ளே மேனேஜர் அப்பாத்துரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, சாவி வேணும்."

"அது ஸ்டோர் ரூமா இருக்கும்மா. ஆயில் டின்னு கெடக்கு. மொதலாளியக் கேட்டாத்தான்."

"அப்பொ கேளுங்க. நான் இருக்கேன்." பாத்திமா ஒரு நாற்காலியை எடுத்து வெளியே வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே பம்ப்பில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். சீருடைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பேர் பேச்சியம்மாள். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடும்போது மஹாலக்ஷ்மி அவளிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"நீங்க எங்கக்கா போவீங்க?"

"வீட்டுக்குப் போனாத்தான். காலையில வந்தா சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்கதில்ல." அதைச் சாதாரணமாகச் சொன்னாள்.

பாத்திமா நாற்காலியிலிருந்து எழுந்தாள். கண்ணாடிக் கதவைத் திறந்து அப்பாத்துரையை வெளியே கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ரெண்டு வாரத்துக்கு முந்தி நான் இந்த ரோட்டுல விழுந்து கெடந்தேன். தண்ணி குடிக்காததுனால. என்னைத் தூக்கதுக்குக் கூட மூணு பேரு இருந்தாவ. ஒங்க பேச்சியக்கா இந்தப் பம்ப்புல விழுந்தா யாரு தூக்குவா? கையில பெட்ரோல் பைப்ப வச்சுக்கிட்டு விழுந்தா?"

அப்பாத்துரை பேச்சியம்மாளைப் பார்த்தார். தினமும் பார்க்கிற பெண்தான். "ஏம்மா, நீ எங்கிட்ட சொல்லலியே" என்றார்.

"ஒங்ககிட்ட எப்பிடி அண்ணாச்சி சொல்லுவேன்?" என்றாள் பேச்சியம்மாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு முதலாளிக்குப் போன் போட்டார். பேசும்போது 'லேடீஸ் கேக்காங்க' என்று இரண்டு தடவையும், 'பெட்ரோல் பைப்பு' என்று ஒரு தடவையும் சொன்னது வெளியே கேட்டது. சாவி மேஜை டிராயரிலேயேதான் இருந்தது. டின்களை அவரும் பாத்திமாவுமாக வெளியே தூக்கி வைத்தார்கள். மஹாலக்ஷ்மி குழாயைத் திறந்து பார்த்தாள். முதலில் காற்று சீறியது, பிறகு செம்மண் நிறத்தில் வந்து, தெளிந்தது.

ஜூன் முதல் ஞாயிறு மறுபடி கிளம்பினார்கள். குற்றாலத்தில் சாரல் இறங்கும் காலம் இன்னும் வரவில்லை. வெயில் அப்படியேதான் இருந்தது. பாத்திமாவிடம் புதிதாக ஸ்கூட்டர் படிக்கும் இரண்டு பேரும் சேர்ந்திருந்தார்கள். எல்லோருடைய சைக்கிளிலும் இரண்டு பாட்டில். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் எலுமிச்சை பிழிந்து உப்பும் சீனியும் போட்டது. ப்ரீதாவை முன்னால் விட்டுவிட்டு பாத்திமா கடைசியாக வந்தாள். யார் வியர்க்கிறார்கள், யார் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று பின்னாலிருந்துதான் தெரியும் என்றாள். பேச்சை நிறுத்தியவளிடம் போய், "ரெண்டு வாய் குடி" என்பாள். "தாகமில்லக்கா" என்றால், "தாகத்தை யாரு கேட்டா? குடி" என்பாள். மைதானத்தில் ஆக்ஸிலேட்டரைத் திருகச் சொல்லுகிற அதே குரல்.

இந்தத் தடவை பாபநாசத்தில் யாரும் அவசரப்படவில்லை. குளித்தார்கள், சாப்பிட்டார்கள், ஒரு மண்டபத்து நிழலில் துண்டை விரித்து உச்சி வெயில் முழுவதும் தூங்கினார்கள். நிழல் கிழக்கே நீண்ட பிறகு சைக்கிளை எடுத்தார்கள். பெட்ரோல் பங்க்கில் பேச்சியம்மாள் கையில் பாதி காலியான தண்ணீர் பாட்டில் இருந்தது. கால்வாயில் புதிதாகத் திறந்துவிட்ட தண்ணீர் நுரையோடு ஓடிக்கொண்டிருந்தது.

பத்தமடையைத் தாண்டி வரும்போது, பிராஞ்சேரிக்குக் கொஞ்சம் முன்னால், இஷ்ரத் கையைத் தூக்கினாள். "லாத்தா, நிறுத்துங்க. எனக்குப் போணும்."

சுற்றிலும் வாழை. வீடே இல்லை. புதிதாக வந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரோட்டில் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"நிப்போம்" என்றாள் பாத்திமா. எல்லோரும் இறங்கினார்கள். தூரத்தில் ஒரு பம்ப்செட் அறை தெரிந்தது. பக்கத்தில் ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள். மஹாலக்ஷ்மி போகக் கிளம்பினாள்.

"நீங்க இருங்க. நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, பாத்திமா இஷ்ரத்தைக் கூட்டிக்கொண்டு வரப்பில் நடந்தாள். அங்கே அவள் என்ன கேட்டாள் என்பது ரோட்டில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் ஈரக் கையால் தோட்டத்துக்குப் பின்னால் தகரம் அடைத்திருந்த இடத்தைக் காட்டுவது மட்டும் தெரிந்தது. இஷ்ரத் அங்கே ஓடினாள். பாத்திமா பம்ப்செட்டின் பக்கத்தில் நின்று அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னவோ சொல்லி இரண்டு பேரும் பெரிதாகச் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது இஷ்ரத் கையில் ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழம் இருந்தது. ஆளுக்கு ஒன்றாகப் பிய்த்துக் கொடுத்தாள். ரோட்டோரத்தில் நின்று, தோலைச் சைக்கிள் கூடையில் போட்டு, ஒவ்வொருவரும் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார்கள். சூரியன் வாழை இலைகளுக்குக் கீழே இறங்கியிருந்தது. ப்ரீதா முதலில் ஏறினாள். மேலப்பாளையத்துக்குள் நுழையும்போது அந்தித் தொழுகைக்கு, மஹ்ரிபுக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.